நீலமும் பச்சையும் மாட்டிய அண்ணி

என் அண்ணியைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்வதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. நான் அவளுடைய நாத்தனார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் துணி அலமாரியை என்னைக் கேட்காமல் கலைத்து அடுக்கிவிட்டு, "இப்பதான் பாக்க அலமாரி மாதிரி இருக்கு" என்று சொன்னவள். அன்றைக்குத் தொடங்கிய வாய்ச்சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். அது நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்காது. என் அண்ணன் மின்சார வேலை செய்கிறவன். வாயைத் திறந்தால் ஷாக் அடித்துவிடும் என்று பயப்படுகிற மாதிரி இருப்பான்.

அண்ணியிடம் குறை என்று எடுத்தால் நிறைய இருக்கிறது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பாட்டுப் பாடுவாள், அதுவும் தப்புத்தப்பாக. யார் எந்த வேலை செய்துகொண்டிருந்தாலும் நடுவில் புகுந்து, "கொடு, நான் பண்றேன்" என்பாள். கொடுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்வாள். நான் சொல்லப் போகிற கூத்துக்கெல்லாம் இந்தப் பிடுங்குகிற குணம்தான் காரணம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். ஊரின் ஓரத்தில் அரசாங்கம் நடத்துகிற பராமரிப்பு இல்லம். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்கள், திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லாதவர்கள், இவர்களெல்லாம் வருஷக்கணக்கில் இங்கேதான் இருக்கிறார்கள். முன்கட்டில் நடமாடக்கூடியவர்கள். பின்கட்டில் படுக்கையில் கிடப்பவர்கள். பின்கட்டு என்பது ஒரு நீளமான கூடம், இரண்டு வரிசைக் கட்டில்கள், உயரமான ஜன்னல்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும் சாப்பாட்டுத் தள்ளுவண்டி. கூடத்தை ஒட்டி நான் வேலை செய்கிற சலவை அறை. அங்கே எந்நேரமும் நீராவி. சுருட்டை முடியோடு வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது என் தலையைப் பார்த்தால் தென்னந்துடைப்பம் மாதிரி இருக்கிறது.

இனி எங்கள் முதலாளிமார் கதை. ஆரம்பத்தில் இல்லம் முழுக்க சுகாதாரத் துறை கையில் இருந்தது. மேலே யாரோ ஒரு புத்திசாலி, பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, நகராட்சியையும் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஆளைத் தொடுகிற வேலை துறைக்கு: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது. பொருளைத் தொடுகிற வேலை நகராட்சிக்கு: துணி, துடைப்பம், தள்ளுவண்டி. துறை ஆட்களுக்கு நீலக் கோட்டு. நகராட்சி ஆட்களுக்குப் பச்சைக் கோட்டு. நீலத்துக்கு மேலாளர் ஒரு அம்மா, பச்சைக்கு மேலாளர் ஒரு ஐயா. நாங்கள் அவர்களை நீலம் மேடம், பச்சை சார் என்றுதான் சொல்வோம், அவர்கள் காதில் விழாமல். நீலக் கோட்டு போட்டவர் ஒரு தலையணை உறையை மாற்றினால் பச்சை சாருக்குக் கோபம் வரும். பச்சைக் கோட்டு போட்டவர் ஒரு கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தால் நீலம் மேடத்துக்குக் கோபம் வரும். கேட்டால், யார் எதற்குப் பொறுப்பு என்பது நாளைக்குத் தெரிய வேண்டாமா என்பார்கள்.

இதற்கு நடுவில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருத்தி பிரசவத்துக்குப் போய் வரவேயில்லை, இன்னொருவர் முதுகுவலி தாங்காமல் கடை வைத்துவிட்டார். காலியான இடத்தை நீங்கள் நிரப்புங்கள் என்று துறை நகராட்சிக்கு எழுதும். அது உங்கள் வேலை என்று நகராட்சி துறைக்கு எழுதும். எழுதி எழுதியே ஆண்டுகள் ஓடின. கடைசியில் பகல் நேரத்தில் பின்கட்டு முழுவதற்கும் மிஞ்சியது ஐந்தே பேர். நீலத்தில் அண்ணியும், நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற உயரமான ஆண் பணியாளரும். பச்சையில் நான், தள்ளுவண்டிக்காரர், பெருக்கித் துடைக்கிற சிரிப்பக்கா. சிரிப்பக்கா சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

ஐந்து பேரை வைத்துக்கொண்டு யார் நீலம் யார் பச்சை என்று பார்த்தால் பாதிப் பேர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். எனவே எல்லாரும் எல்லாம் செய்தோம். நான் ஊட்டினேன். நெட்டை மூட்டை தூக்கினார். தள்ளுவண்டிக்காரர் முகச்சவரம் செய்துவிட்டார். மேலாளர்கள் வந்து பார்த்தால் என்ன செய்வது என்று பயந்தபோது அண்ணிக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

"கோட்டைத்தானே பாக்கறாங்க, முகத்தையா பாக்கறாங்க? அவங்களுக்கு எது பிடிக்குமோ அதைப் போட்டுக் காட்டுவோம்" என்றாள்.

ஆள் பதிவேடும் சம்பளக் கணக்கும் மேலே தலைமை அலுவலகங்களில் இருந்தன, இந்த மேலாளர்கள் வந்து கண்ணால் எண்ணிவிட்டுப் போவதோடு சரி. சலவை அறையில் இரண்டு நிறத்திலும் ஐந்தைந்து கோட்டுகள் எப்போதும் இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கின. வாசலில் வாட்ச்மேன் எங்கள் ஆள். நீலம் மேடம் வண்டி உள்ளே நுழைந்தால் சலவை அறைக்கு போன் செய்து, "வானம் வருது" என்பார். பச்சை சார் வந்தால், "புல்லு வருது." அவ்வளவுதான், மேலாளர் முன்கட்டைத் தாண்டி வருவதற்குள் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நிறமாகிவிடுவோம். மேடம் வந்து கூடத்தில் ஐந்து நீலக் கோட்டுகள் கட்டில்களுக்கு நடுவே ஓடியாடுவதைப் பார்த்து முகம் மலர்ந்து போவார். சார் வந்து ஐந்து பச்சைக் கோட்டுகள் பம்பரமாகச் சுழல்வதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். வண்டி வெளியே போனதும் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பக்காகூட ஒருமுறை உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எங்கள் கூத்தை ரொம்பவும் ரசித்தவர்கள் டிரைவரும் கண்டக்டரும். உண்மையாகவே ஒரே பேருந்தில் டிரைவராகவும் கண்டக்டராகவும் இருந்தவர்கள். டிரைவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண்டக்டருக்கு இரண்டு காலும் வேலை செய்யவில்லை, ஆனால் வாய் நாலு பேருக்கு வேலை செய்யும். அடுத்தடுத்த கட்டில் வேண்டுமென்று கண்டக்டர் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார். டிரைவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். அவர்கள் பேருந்தில் மணி அடித்த கணக்கு. இதற்கு மேல் உள்ளதெல்லாம், வலிக்கிறதா, குளிருகிறதா, கோபமா, மகளை நினைத்துக்கொண்டாரா, எல்லாம் தொண்டையிலிருந்து வரும் ஒரு முனகல்தான். எங்களுக்கு எல்லாம் ஒரே முனகலாகக் கேட்கும். கண்டக்டருக்கு மட்டும் வார்த்தை வார்த்தையாகப் புரியும்.

"வலது தோள் மடங்கியிருக்காம், இழுத்து விடச் சொல்றார். சூப்புல உப்பு இல்லையாம். அப்புறம், உங்க பாட்டு நேத்துப் பரவாயில்லையாம், இன்னைக்குச் சகிக்கலையாம்" என்பார்.

"அது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?" என்று அண்ணி இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்.

டிரைவர் பாதி வாயால் சிரிப்பார். கண்டக்டர் பக்கத்துக் கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் டிரைவர் இப்படிச் சிரித்ததே இல்லையாம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அவர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் புரியாமல், கேட்பதையே விட்டுவிட்டாராம். சாப்பிட மறுத்துச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாராம்.

இந்த நிலையில்தான் பின்கட்டை மூடப் போவதாகப் பேச்சு கிளம்பியது. பேச்சு என்ன பேச்சு, கடிதமே வந்துவிட்டது. பின்கட்டில் இருப்பவர்களைத் துறையும் நகராட்சியும் தங்கள் தங்கள் இல்லங்களுக்குப் பிரித்து எடுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி வழியாக வந்தவர்கள் துறைக்குச் சொந்தம். வீடு இல்லாமல் வந்தவர்கள் நகராட்சிக்குச் சொந்தம். டிரைவர் முதல் வகை. கண்டக்டர் இரண்டாம் வகை. ஒருவர் இந்தத் திசையில் ஓர் ஊருக்கு, மற்றவர் எதிர்த்திசையில் ஓர் ஊருக்கு.

கண்டக்டரிடம் அண்ணிதான் சொன்னாள். அவர் போர்வை விளிம்பை மடித்து மடித்து நீவினார்.  பிறகு டிரைவர் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டார்.

"அங்க இவர் சொல்றதை யாரும்மா எடுத்துச் சொல்லுவாங்க?"

அண்ணி என்னோடு சலவை அறைக்கு வந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த போர்வைகளை மறுபடி மடித்தாள்.  மூடுகிறவர்கள் யாராவது ஒருநாள், ஒரே ஒருநாள், ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பார்களா?

அடுத்த வாரம் இரண்டு மேலாளர்களும் முன்கட்டு அலுவலகத்துக்கு வந்து பேசிவிட்டு, பேச்சு முற்றி, வெளியே தாழ்வாரத்துக்கு வந்து நின்று சண்டை போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சலவை அறைக்குள் ஈரத் துணி மூட்டைக்குப் பின்னால் இருந்தோம். ஒட்டுக் கேட்கவில்லை, அவர்கள் பேசியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"எங்க ஆளுங்க அஞ்சு பேர் இருக்காங்க. நானே எண்ணிப் பாத்திருக்கேன்" என்றார் நீலம் மேடம்.

"உங்க ஆளு அஞ்சுன்னா எங்க ஆளும் அஞ்சுதான் மேடம். ஆக மொத்தம் பத்துப் பேர். பத்துப் பேர் இருந்தும் இந்தக் கட்டை ஒழுங்கா நடத்த முடியலன்னா மூட வேண்டியதுதான். இதுல பின்கட்டுக்காரங்க புதுசா ஆள் வேற கேட்டுக் கடிதம் எழுதறாங்க."

"அதையேதான் நானும் மேல சொன்னேன். ஆள் பத்தாதுன்னு கேக்கறதெல்லாம் சோம்பேறித்தனம்."

பல வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று. நான் அண்ணியைப் பார்த்தேன். கையில் பிடித்திருந்த போர்வை தரையில் புரண்டது, அவள் கவனிக்கவில்லை.

"பத்துப் பேராம்" என்றாள்.

"கேட்டுச்சு."

"நாமதாண்டியம்மா அந்தப் பத்துப் பேர். நம்மளைப் பாத்துத்தான் ஆள் போடாம இருந்திருக்காங்க. நான்தான் போட்டுக் காட்டினேன்."

அவள் முகம் அப்படிச் சுண்டிப் போய் நான் பார்த்ததில்லை. எங்கள் மாமியார் நாத்தனார் சண்டைகளில்கூட, அதாவது என் அம்மா இருந்த காலத்தில் அம்மாவும் நானும் சேர்ந்து அண்ணியை ஒருகை பார்த்தபோதுகூட, அவள் தலை நிமிர்ந்தே நின்றவள். ஆறுதல் சொல்லலாம் என்றால் எனக்கு அந்தப் பழக்கமில்லை. "போர்வையை எடுங்க அண்ணி, மறுபடி நான்தான் துவைக்கணும்" என்றேன். எடுத்தாள். மடித்தாள். மடித்து முடிக்கும்போது பழைய அண்ணி திரும்பிவிட்டாள்.

"திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பாக்கறாங்களாமே, எந்தக் கட்டிலை எங்க அனுப்பறதுன்னு. அன்னைக்கு அவங்கவங்க கோட்டை அவங்கவங்க போடணும். அவங்கவங்க வேலையை மட்டும் பாக்கணும். சட்டப்படி" என்றாள்.

"கேட்டா என்ன சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"வேலை போயிடும் அண்ணி. மேற்பார்வை வேலை உங்களுக்குத்தான்னு மேடம் வாயாலயே சொல்லியிருக்காங்க. உக்காந்து பாக்கற வேலை. உங்க முட்டி இருக்கற லட்சணத்துக்கு அதை விட்டா வேற கதி இல்ல."

"அந்த மனுஷனைச் சுவத்தைப் பாக்க அனுப்பிட்டு நான் நாற்காலியில உக்காந்து எதைப் பாக்கறது?" என்றாள்.

வீட்டில் அன்று மாலை இதே சண்டை தொடர்ந்தது. நான் கத்தினேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே பதிலுக்குக் கத்தினாள். அண்ணன் ஒரு பழுதான மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவனே பேசினான்.

"வேலை போனா போகட்டும். கொஞ்ச நாள் நல்லாத் தூங்குவா." பிறகு இன்னொரு வாக்கியமும் வந்தது. "நீயும்தான்."

எனக்கு அவ்வளவு நேரம் கத்தியதெல்லாம் வீணாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை சலவை அறையில் ஐவரும் கூடினோம். அண்ணி நீலம் போட்டாள், நெட்டை நீலம் போட்டார். மீதி மூன்று பேரும் பச்சை. அவ்வளவுதான் நாங்கள் என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. யாருக்கும் உடம்பு கெடக் கூடாது என்பதில் அண்ணி உறுதியாக இருந்தாள். மருந்து, குளியல், புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் விடியலிலேயே வந்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடித்துவிட்டோம். சட்டமெல்லாம் மதியச் சாப்பாட்டிலிருந்துதான். கட்டில் கட்டிலாகப் போய் அண்ணி விஷயத்தைச் சொல்லியும் வைத்தாள். இன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யாரும் மறுக்கவில்லை. சாப்பாட்டை எப்போதும் குறைசொல்கிற கடைசிக் கட்டில் அம்மாகூட, "லேட்டானா ஒண்ணும் கெட்டுப் போகாது, அதுக்கு மேல கெட இடமில்ல" என்றார்.

வாட்ச்மேன் போன் செய்தார். "வானமும் புல்லும் ஒண்ணா வருது" என்றார்.

இருவரும் உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்று, எந்த வரிசை யாருக்கு என்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி வந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் மசித்த சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பக்கா துடைப்பத்தை ஊன்றி நின்றாள். நான் துணிக்கூடையோடு நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் எதிரிலேயே ஒரு கிழவர் வாயைத் திறந்து என்னைப் பார்க்கிறார், கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என் கை தானாக எழுந்தது, அண்ணி தூரத்திலிருந்தே கண்ணை உருட்டினாள். அவளும் நெட்டையும் ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக ஊட்டினார்கள். ஒரு கரண்டி, விழுங்கும்வரை காத்திருப்பு, அடுத்த கரண்டி. மீதிக் கிண்ணங்களிலெல்லாம் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

பச்சை சார்தான் முதலில் கவனித்தார். "என்ன நிக்கறீங்க? சாப்பாடு ஆறுதே?"

"ஆளைத் தொடறது எங்க வேலை இல்லைங்க சார்" என்றார் தள்ளுவண்டிக்காரர். அவர் சாரைப் பார்த்துப் பேசியதே அதுதான் முதல் தடவை.

நீலம் மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் ஆளுங்க மத்தவங்க எங்க?"

அண்ணி எழுந்து நின்றாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இவ்வளவுதான் மேடம். நானும் இவரும்."

"விளையாடறியா? போன தடவை அஞ்சு பேரைப் பாத்தேனே."

"அந்த மூணு பேர் இவங்கதான் மேடம்" என்று எங்களைக் காட்டினாள். "நீங்க வரும்போது நீலம் போட்டுக்குவாங்க. சார் வரும்போது நாங்க பச்சை போட்டுக்குவோம். யோசனை என்னுதுதான். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்து பண்ணினது. அதனாலதான் பத்துப் பேர் இருக்கோம்னு நினைச்சுட்டீங்க. இந்தக் கட்டுக்கு அஞ்சு பேர்தான் சார். ரொம்ப நாளாவே அஞ்சு பேர்தான்."

மேடம் எங்கள் முகங்களைப் பார்த்தார். சாரும் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். தெரிந்த முகமா இல்லையா என்று இரண்டு பேருமே திருதிருவென்று விழித்தார்கள்.

"இது ஆள்மாறாட்டம். இதுக்கு என்ன நடவடிக்கை தெரியுமா?" என்று மேடம் ஆரம்பித்தார்.

"நடவடிக்கை எடுங்க மேடம். அதுக்கு முன்னால யாராவது ஒரு கிண்ணம் எடுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றாள் அண்ணி. மரியாதையாகத்தான் சொன்னாள். குரலில் கொஞ்சம்கூடக் குத்தல் இல்லை.

பக்கத்துக் கட்டிலிலிருந்து கண்டக்டர், "பசிக்குது சார்" என்றார். உடனே ஒவ்வொரு கட்டிலாக அதைச் சொல்ல ஆரம்பித்தது. பச்சை சார் பாவம், வீட்டில் குழந்தை அழுதால் தாங்காத ஆள் போலிருக்கிறது. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தார். அது டிரைவருடைய கிண்ணம்.

ஊட்டத் தெரியாதவர்கள் செய்கிற தப்பையே அவரும் செய்தார்: வாயில் இருப்பது இறங்குவதற்குள் அடுத்த கரண்டி. டிரைவர் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். சார் இன்னொரு கரண்டி நீட்டினார். மறுபடி ஒரு தட்டு. சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கொடுத்துவிட்டார். டிரைவர் முகம் சிவந்தது. இருமினார், இருமல் வெளியே வரவில்லை, கண் பிதுங்கிற்று.

"நிறுத்துங்க சார், நிறுத்துங்க. ஒரு தட்டுன்னா ஸ்டாப்பு" என்று கண்டக்டர் அலறினார். செயலற்ற காலோடு கட்டிலிலிருந்து உருண்டு வரப் பார்த்தார். அண்ணி என்னைத் தாண்டிப் பாய்ந்து போய் டிரைவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினாள். நானும் கூடையைப் போட்டுவிட்டு ஓடித் தலையைத் தாங்கினேன். கோட்டு, சட்டம் எல்லாம் எங்கே போயிற்றோ. அண்ணி முதுகில் இரண்டாவது முறை தட்டியதும் உள்ளே போனது வெளியே வந்தது. டிரைவர் மூச்சை இழுத்தார். 

பச்சை சார் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். டிரைவர் ஏதோ முனகினார்.

"என்ன சொல்றார்?" என்று சார் கேட்டார்.

கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது. "பயப்படாதீங்கன்னு சொல்றார் சார். மெதுவாக் கொடுத்தா சாப்பிடறாராம்" என்றார். பிறகு சொன்னார்: "நான் பக்கத்துல இருந்ததால உங்களுக்குச் சொல்ல முடிஞ்சுது. அங்க அனுப்பினா, இவர் கம்பியைத் தட்டிக்கிட்டே இருப்பார் சார்."

 நீலம் மேடம் கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்தார். அண்ணி எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். நாங்கள் மூன்று பச்சைகளும் ஆளுக்கொரு கிண்ணம் எடுத்தோம்.

மேலாளர்கள் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படியெல்லாம் நடக்காது. தாழ்வாரத்தில் நின்று அரைமணி நேரம் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஐந்து பேரை வைத்து ஒரு பின்கட்டையே நடத்தினார்கள் என்று வெளியே தெரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் மானம் போய்விடும் என்று மேலே இருப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது. பின்கட்டை மூடுவது கைவிடப்பட்டது. யாரையும் எங்கும் அனுப்பவில்லை. இரண்டு மாதத்தில் புது ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள்.

அண்ணிக்குக் கடுமையான எச்சரிக்கை என்று ஒரு தாள் வந்தது. மேற்பார்வை வேலைக்கு இனி அவளைக் கருதுவதில்லை என்றும் அதில் இருந்தது. துறை முத்திரையும் நகராட்சி முத்திரையும் அடுத்தடுத்து. "பாத்தியா, ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வச்சுட்டேன்" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது மட்டும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். நான் தைலத்தை வாங்கித் தேய்த்துவிட்டேன். "உன் கை இரும்பு" என்றாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆள் வந்ததும் என்ன செய்வது என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. ஓடிப் பழகியவர்களுக்கு நடக்க வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் எல்லா வேலையும் முடிந்து, வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணி என் சலவை அறைக்கு வந்தாள். மூலையில் இரண்டு சக்கர நாற்காலிகளில் நான் துணி மூட்டை ஏற்றி வைத்திருந்தேன். மூட்டைகளை இறக்கிவிட்டு, "வா, டிரைவரையும் கண்டக்டரையும் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டோம். பெரிய தெரு ஒன்றும் இல்லை. ஒரு டீக்கடை, ஒரு டயர் கடை, பள்ளிக்கூட மதில், சைக்கிளில் போகிற நாலு பேர். டிரைவர் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார். டயர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு போனதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிய வந்து எத்தனை நாளாச்சுண்ணே?" என்று அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இங்க கொண்டுவந்து இறக்கினாங்களே, அன்னைக்குப் பாத்தது" என்றார் கண்டக்டர். "அப்புறம் இன்னைக்குத்தான்."

அண்ணி நின்றுவிட்டாள். பின்கட்டில் ஒருவருக்குக்கூட முதுகில் புண் வந்ததில்லை, ஒரு வேளைகூட யாரும் பசியோடு படுத்ததில்லை என்று நாங்கள் ஐந்து பேரும் எவ்வளவு பெருமை பேசியிருக்கிறோம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். 

"கேக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம்மா. அப்புறம் நீங்க ஓடறதைப் பாப்போம். கேட்டா எப்படியாவது கூட்டிட்டுப் போவீங்க, அந்த நேரத்துல யாருக்கோ சாப்பாடு போகாது. அதனால கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார் கண்டக்டர், ஏதோ பழைய பயணக் கதை சொல்வது மாதிரி.

அண்ணி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. டிரைவர் தாடையால் தெருவின் கடைசியைக் காட்டி முனகினார்.

"அந்தத் திருப்பம் வரைக்கும் போகணுமாம்" என்றார் கண்டக்டர்.

எங்கள் வேலை நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் காத்திருப்பான், இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றும் செய்து வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணி அதற்குள் டிரைவரைத் தள்ளிக்கொண்டு பாதித் தெரு போயிருந்தாள். நானும் கண்டக்டரின் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.